டர்போவைப் பொருத்துவது எளிது, வெப்பத்தைச் சமாளிப்பதுதான் வேலை: நான்கு சிலிண்டர் பிக்கப் எஞ்சின் ஒன்றின் கணக்கு

டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சிறிய பிக்கப் வண்டிகளில் 1980களின் நடுவிலிருந்து 1995 வரை இருந்த 22ஆர்-ஈ எஞ்சின், நீடித்து உழைப்பதற்குப் பெயர்பெற்றதைப் போலவே வேகமின்மைக்கும் பெயர்பெற்றது. 2,366 சி.சி. கொள்ளளவு, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் இஞ்செக்டர்கள் ஆகியவற்றுடன், நிமிடத்துக்கு 4,800 சுழற்சியில் 116 குதிரைத்திறனையும் 2,800 சுழற்சியில் ஏறத்தாழ 190 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையையும் அது தந்தது. காலி வண்டிக்குச் சமவெளியில் இது போதும். பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டி, கலிஃபோர்னியாவின் ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் மேட்டில் ஏற்றினால் போதாது. இந்த எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு வெளியேறும் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள கம்ப்ரஸரால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போசார்ஜர் ஒன்றை மட்டும் சேர்த்தால் என்ன என்ற கேள்வி, இந்த வண்டிகள் புதிதாக இருந்த காலத்திலிருந்தே தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது.

அந்தக் கேள்விக்கு டொயோட்டாவே ஒரு விடையைத் தந்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் சில பிக்கப்களிலும் 4ரன்னர் வண்டிகளிலும் 22ஆர்-டிஈ என்ற டர்போ எஞ்சின் வந்தது. கொள்ளளவு மாறவில்லை. குதிரைத்திறன் 135 ஆனது, முறுக்குவிசை அதே 2,800 சுழற்சியில் ஏறத்தாழ 235 நியூட்டன்-மீட்டர் ஆனது. திறனில் 16 விழுக்காடு, முறுக்குவிசையில் 24 விழுக்காடு உயர்வு. இந்த எண்களைக் காட்டிலும், அவற்றைப் பெறுவதற்காகத் தொழிற்சாலை எதையெல்லாம் மாற்றியது என்பதே கவனிக்கத்தக்கது. 22ஆர்-ஈயில் ஏறத்தாழ 9.3 ஆக இருந்த அமுக்க விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சிறிய இடத்துக்குள் அமுக்குகிறது என்ற அளவை, வேறு பிஸ்டன்களைப் போட்டு 7.5க்கு இறக்கினார்கள். எரிபொருள் அமைப்பையும் கட்டுப்பாட்டுக் கணினியையும் அந்த எஞ்சினுக்கென்றே அமைத்தார்கள். நான்கு சக்கர ஓட்ட வண்டிகளில் வலுவான வேறு கியர்பாக்ஸையும், பின் அச்சில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் வலுவான வகையையும் வைத்தார்கள். 19 குதிரைத்திறன் கூடுவதற்கு இத்தனை மாற்றங்கள் தேவைப்பட்டன. வீட்டுப் பட்டறையில் டர்போ சேர்க்க நினைப்பவர் இந்தப் பட்டியலில் எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று பிரித்தறிவதில்தான் அந்த எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

விடக்கூடாத ஒன்று எது என்பதை 1962ஆம் ஆண்டே காட்டிவிட்டது. அந்த ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டு பிரிவுகள் டர்போ வைத்த பெட்ரோல் கார்களை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்றன. செவ்ரலே தன் கோர்வேர் காரில் அமுக்க விகிதத்தை 8க்குக் குறைத்துவிட்டு டர்போவைச் சேர்த்தது. ஓல்ட்ஸ்மொபில் தன் ஜெட்ஃபயர் காரில் 10.25 என்ற உயர்ந்த விகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, எரிகலவையோடு தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தெளித்துக் குளிர்வித்தது. அந்தத் திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தத்தை ஒரு வால்வு தானாகவே தடுத்துவிடும். பொறியியலாக அது மிக நல்ல யோசனை. ஆனால் உரிமையாளர்களில் பலர் திரவத்தை நிரப்பத் தவறினார்கள். ஜெட்ஃபயர் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் டர்போ சேர்ப்பவர் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஓல்ட்ஸ்மொபில் நின்ற அதே இடத்தில் நிற்கிறார்.

இதற்குக் காரணம் நாக்கிங். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவிக்கொண்டிருக்கும்போது, இன்னும் தீ எட்டாத ஓரத்துக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அப்போது எழும் அழுத்த அலை, பிஸ்டனின் மேற்பரப்பைக் காத்துக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுவதால், வெப்பம் நேரடியாக உலோகத்துக்குள் இறங்குகிறது. வார்ப்பு பிஸ்டனில் மோதிரங்களுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு முதலில் உடையும், அல்லது ஹெட் கேஸ்கட் பிய்யும். டர்போ சேர்த்த எஞ்சின் சாவது பெரும்பாலும் அதிகத் திறனால் அன்று. இந்த ஓரக் கலவையின் வெப்பநிலையை யாரும் கணக்கிடாமல் விட்டதால்தான்.

கணக்கிட்டுப் பார்ப்பது கடினமும் அன்று. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அதற்கு மேல் டர்போ 7 பி.எஸ்.ஐ. கூடுதல் அழுத்தம், அதாவது பூஸ்ட், கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் 1.48 மடங்காகிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்று, 70 விழுக்காடு திறமையுள்ள கம்ப்ரஸர் வழியே போனால் ஏறத்தாழ 80 டிகிரியில் வெளியேறும். சூடான காற்று விரிந்திருப்பதால் அழுத்தம் 48 விழுக்காடு கூடியும் அடர்த்தி 27 விழுக்காடுதான் கூடுகிறது. எரிபொருளோடு சேர்ந்து எரிவது காற்றின் நிறை என்பதால், திறனும் ஏறத்தாழ அந்த அளவுக்கே உயர முடியும். 116ஐ 1.27ஆல் பெருக்கினால் 147 வருகிறது. இப்போது அமுக்க விகிதத்தை 9.3இலிருந்து 7.5க்குக் குறைத்தால், கோட்பாட்டளவில் எஞ்சினின் வெப்பத்திறமை 6 முதல் 7 விழுக்காடு வரை இழக்கிறது. 147இல் அதைக் கழித்தால் 137 மிஞ்சும். டொயோட்டா அறிவித்த 135க்கு இது எவ்வளவு நெருக்கம் என்பதைப் பாருங்கள். டர்போ அமுக்கிய காற்றைச் சிலிண்டருக்குப் போகும் வழியில் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் வந்த அந்தத் தொழிற்சாலை எஞ்சினில் மறைவான மாயம் எதுவும் இல்லை, இந்த எளிய இயற்பியல்தான் வேலை செய்தது.

இதே கணக்கில் இன்டர்கூலரைச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. கூடிய வெப்பத்தில் 70 விழுக்காட்டை அது வெளியேற்றினால், 80 டிகிரிக் காற்று 45 டிகிரிக்கு வருகிறது. குழாய்களிலும் இன்டர்கூலரிலும் அரை பி.எஸ்.ஐ. அழுத்தம் வீணானாலும் அடர்த்தி 37 விழுக்காடு கூடியிருக்கும், அதாவது 116 என்பது 160க்கு அருகில் போகும். என் பார்வையில் இந்தத் திறன் உயர்வு இரண்டாம்பட்சமே. சிலிண்டருக்குள் நுழையும் காற்று 35 டிகிரி குளிர்ந்திருப்பதால் நாக்கிங்கின் எல்லை தள்ளிப்போகிறது என்பதுதான் பெரிய ஆதாயம். பிஸ்டனை மாற்றாமல் 9.3 விகிதத்தோடு டர்போ வைக்கப் போகிறவருக்கு இன்டர்கூலர் விருப்பப் பொருள் அன்று, பிஸ்டனை மாற்றாததற்கு ஈடாகக் கட்டாயம் கொடுத்தே தீர வேண்டிய விலை. அதனுடன் பம்பில், நாக்கிங்கைத் தாங்கும் தன்மையைக் குறிக்கும் ஆக்டேன் எண் 87 உள்ள சாதாரண பெட்ரோலை விட்டுவிட்டு 91 அல்லது 93 போட வேண்டியிருக்கும். பூஸ்ட்டின் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் தீப்பொறியின் நேரத்தைக் கிராங்க் தண்டின் சுழற்சியில் ஏறத்தாழ ஒரு டிகிரி தாமதப்படுத்துவது என்பது பட்டறைகளில் புழங்கும் அனுபவ விதி. தொடக்கப் புள்ளியாக அது நல்ல விதிதான், ஆனால் முடிவான அளவு அன்று.

இங்கே பிக்கப் வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது, கார்களை வைத்து எழுதப்பட்ட டர்போ அறிவுரைகள் பலவும் இதைக் கணக்கில் கொள்வதில்லை. காரில் முழு பூஸ்ட் என்பது முந்திச்செல்லும் சில விநாடிகளில் மட்டும் வரும், பிறகு எஞ்சின் ஆறிக்கொள்ளும். சுமை ஏற்றிய பிக்கப்பில் அது பல நிமிடங்கள் தொடரும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 2,500 கிலோ என்றும், மேட்டின் சரிவு 6 விழுக்காடு என்றும், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 44 குதிரைத்திறன் வேண்டும். காற்றின் எதிர்ப்பு, டயர்களின் உராய்வு, கியர்பாக்ஸ் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் எஞ்சின் ஏறத்தாழ 90 குதிரைத்திறனை இடைவிடாமல் தர வேண்டியிருக்கும். டர்போ இல்லாத 22ஆர்-ஈ 2,800 சுழற்சியில் தருவது 75தான், ஆகவே கியரை இறக்கி 4,000க்கு மேல் அலறவிட வேண்டும். டர்போ எஞ்சின் அதே 2,800இல் 92 தருகிறது. பிக்கப்புக்கு டர்போ ஏன் பொருத்தமானது என்பதும் அதே காரணத்தால் ஏன் ஆபத்தானது என்பதும் இந்த ஒரே கணக்கில் இருக்கின்றன. குறைந்த சுழற்சியில் பெரும் சுமையை நெடுநேரம் தாங்கும் நிலையில்தான் ஓரக் கலவைக்குத் தானாக வெடிக்கப் போதிய கால அவகாசம் கிடைக்கிறது. பிஸ்டனும் வெளியேற்ற வால்வும் ரேடியேட்டர் நீரும் ஆறுவதற்கு இடைவெளியே இல்லாமல் சூடேறுவதும் அப்போதுதான். டர்போவைப் பொருத்திய அன்று தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது எதையும் மெய்ப்பிக்காது. கோடை நடுப்பகலில், சுமையோடு, நீண்ட மேட்டில் அது தாங்க வேண்டும்.

வெப்பத்துக்கு அடுத்தபடியாக எஞ்சினைக் கொல்வது எரிபொருள் பற்றாக்குறை. சாதாரண எஞ்சின் முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரைப் பவுண்டு பெட்ரோல் எடுக்கும் என்பது பழகிய கணக்கு. 116 குதிரைத்திறனை நான்கு இஞ்செக்டர்களுக்குப் பங்கிட்டு, அவை 80 விழுக்காடு நேரம் மட்டுமே திறந்திருக்கும்படி வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 சி.சி. கொடுக்க வேண்டும். டர்போ எஞ்சினுக்குக் கலவையை வேண்டுமென்றே செறிவாக வைக்கிறோம். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இடையிலான நிறை விகிதம் 12.5 முதல் 13 வரை இருந்த இடத்தில் 11.5 முதல் 12 வரை இறக்குகிறோம். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கும் என்பது இதன் காரணம். ஆகவே குதிரைத்திறனுக்கு 0.6 பவுண்டு என்று வைத்து 160க்குக் கணக்கிட்டால், இஞ்செக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 315 சி.சி. வேண்டும். திறன் 38 விழுக்காடு கூடும்போது இஞ்செக்டரின் அளவு 65 விழுக்காடு கூட வேண்டியிருக்கிறது.

பழைய நாள் டர்போ கிட்கள் இஞ்செக்டரை மாற்றாமல், பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தும் ஒரு ரெகுலேட்டரைக் கொடுத்துச் சமாளித்தன. இந்த வழியின் எல்லை அழுத்தத்துக்கும் பாய்ச்சலுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 65 விழுக்காடு கூடுதல் பாய்ச்சலுக்கு அழுத்தம் 2.7 மடங்காக வேண்டும், ஏறத்தாழ 2.5 பாரில் இயங்கிய அமைப்பை 7 பாருக்குத் தள்ள வேண்டும். பழைய பம்ப் அவ்வளவு அழுத்தத்தில் தேவையான அளவைத் தராது, இஞ்செக்டரின் ஊசியும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திறக்கத் திணறும். 3 அல்லது 4 பி.எஸ்.ஐ. வரை இந்த ஏற்பாடு ஒப்பேறும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

22ஆர்-ஈயில் இன்னொரு தடையும் உண்டு. உள்ளே போகும் காற்றை அளக்க அது ஒரு கதவு போன்ற தகட்டைப் பயன்படுத்துகிறது. காற்று தள்ளத் தள்ளத் தகடு திறக்கும், திறந்த அளவைக் கணினி படித்து அதற்கேற்ப எரிபொருளைக் கொடுக்கும். தகடு முழுதும் திறந்த பிறகு எவ்வளவு காற்று கூடினாலும் கணினிக்கு அது தெரியாது. கலவை மெலிந்துகொண்டே போகும், அதுவும் எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில். இந்தத் தகட்டையும் பழைய கணினியையும் ஒதுக்கிவிட்டு, உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை நேரடியாகப் படிக்கும் மெகாஸ்குவர்ட் போன்ற நிரல் எழுதத்தக்க கணினியைப் பொருத்தி, எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் ஒன்றாகக் கையாள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. செலவில் டர்போவுக்கு நிகராக இது வரலாம். இருந்தாலும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டர்போவைத் தள்ளிப்போட வேண்டும், கணினியை அல்ல. கலவையைக் காட்டும் அகன்ற வீச்சு ஆக்ஸிஜன் சென்சாரும் பூஸ்ட் அளவியும் முதல் ஓட்டத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

டர்போவைத் தேர்ந்தெடுப்பதில் பலர் பெரியதன் பக்கம் சாய்கிறார்கள். இந்த எஞ்சின் 4,800 சுழற்சியில் இயல்பாக இழுக்கும் காற்று நிமிடத்துக்கு ஐந்தரைக் கிலோ அளவில் இருக்கும், 160 குதிரைத்திறனுக்கு அது ஏறத்தாழ ஏழரைக் கிலோவாகும். இது சிறிய டர்போவின் வேலை. 2 லிட்டர், 2.3 லிட்டர் டர்போ கார்களில் வந்த சிறிய காரெட் டி3, மிட்சுபிஷியின் டிடி04 வகைகள் இந்த அளவுக்குப் பொருந்தும். சுமை இழுக்கும் வண்டிக்கு 2,000இலிருந்து 2,500 சுழற்சிக்குள் பூஸ்ட் வந்துவிட வேண்டும் என்பதால் டர்பைன் பக்கத்து உறை சிறியதாக இருப்பது நல்லது. அளவுக்கு மீறிச் சிறுத்தால் வெளியேறும் புகை அடைபட்டு, சூடான மிச்சப் புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கி மீண்டும் நாக்கிங்கைத் தூண்டும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுழற்சிக்கு மேல் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்வது. உள்ளே வரும் எண்ணெய்க் குழாய் மெல்லியதாக இருக்கலாம், வெளியேறும் குழாய் அப்படி இருக்கக் கூடாது. டர்போவை விட்டு வெளியேறும் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, நுரைத்தபடி தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. அந்தக் குழாய் அகலமாக, வளைவின்றி, எண்ணெய்த் தொட்டியின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இறங்க வேண்டும். குறுகினால் எண்ணெய் தேங்கி, தண்டின் சீல் வழியே கசிந்து சைலன்சரில் நீலப் புகையாக வரும், டர்போ கெட்டுவிட்டதென்று பலர் அதைத் தவறாக முடிவுகட்டுவார்கள். மேடேறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால் தாங்கியில் தேங்கிய எண்ணெய் கருகிவிடும் என்பதால், நடு உறைக்குள் குளிர்நீர் ஓடும் டர்போவையே வாங்க வேண்டும்.

எஞ்சினின் அடிப்பகுதி இந்த அளவுத் திறனைத் தாங்கும். கிராங்கும் கனெக்டிங் ராடும் 22ஆர் குடும்பத்தில் வலுவானவை. பலவீனம் மேலேதான் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் டர்போ இல்லாமலேயே ஹெட் கேஸ்கட் போகும் எஞ்சின் இது. டைமிங் செயினின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைந்து, தளர்ந்த செயின் முன்மூடியை அறுத்து, குளிர்நீர் எண்ணெயில் கலப்பதும் இதன் பழைய நோய். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் செயினையும் கேஸ்கட்டையும் பார்க்காமல் டர்போவைப் பொருத்துவது அறிவுடைமை ஆகாது. ஹெட்டைக் கழற்றியபிறகு தரமான கேஸ்கட்டும் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட்களும் போடலாம். அவ்வளவு தூரம் வந்தவர் பிஸ்டன்களையும் மாற்றி விகிதத்தை 8க்கு அருகே கொண்டுவருவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய பிஸ்டன்களோடே போவதென்றால், நல்ல இன்டர்கூலரும் சரியான கணினி அமைப்பும் இருக்கும் நிலையிலும் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

கிளட்ச் வழுக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். பின் டிஃபரன்ஷியலுக்கு, டர்போ வண்டிகளிலும் பின்னர் வந்த வி6 வண்டிகளிலும் இருந்த வலுவான வகையைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பொருத்துவது அமெரிக்காவில் வழக்கமான வேலை. சட்டத்தையும் மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்று வள வாரியத்தின் ஆணை எண் பெறாத டர்போ கிட் புகைப் பரிசோதனையில் தேறாது, கூட்டாட்சியின் தூய காற்றுச் சட்டமும் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைக் குலைப்பதைத் தடைசெய்கிறது.

டொயோட்டா இந்த டர்போ எஞ்சினை நீடிக்கவிடவில்லை. 1988இல் 150 குதிரைத்திறன் தரும் 3 லிட்டர் வி6 வந்ததும் 22ஆர்-டிஈ விடைபெற்றது. 1995இல் டகோமா பிக்கப்பில் வந்த 2.7 லிட்டர் 3ஆர்இசட் எஞ்சின், நான்கே சிலிண்டரில், டர்போ இல்லாமல், அதே 150ஐத் தந்தது. கடல்மட்டத்தில் வண்டி ஓட்டுபவர் 150 குதிரைத்திறன் மட்டுமே வேண்டுமென்றால் அந்த எஞ்சினை மாற்றிப் பொருத்துவது டர்போ சேர்ப்பதைவிடக் குறைந்த தலைவலி என்றே நினைக்கிறேன்.

மலைப்பகுதியில் வாழ்பவரின் கணக்கு வேறு. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹவர் சுரங்கத்தை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. அங்கே காற்றழுத்தம் 67 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இழக்கும், 116 ஏறத்தாழ 80 ஆகிவிடும், 3ஆர்இசட்டின் 150ம் நூறைத்தான் சற்றுத் தாண்டும். புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியேவிட்டு பூஸ்ட்டுக்கு எல்லை போடும் வால்வான வேஸ்ட்கேட், சுற்றுப்புற அழுத்தத்துக்கு மேல் 7 பி.எஸ்.ஐ., அதாவது 48 கிலோபாஸ்கல், வரும்வரை மூடியே இருப்பதால், உள்ளிழுக்கும் குழாயில் மொத்தம் 115 கிலோபாஸ்கல் நிற்கும். கடல்மட்டக் காற்றைவிடவும் கூடுதல் அது. இதற்குக் கம்ப்ரஸர் தரும் விலை அதன் வேகம். கடல்மட்டத்தில் 1.48 ஆக இருந்த அழுத்த விகிதம் இங்கே 1.72 ஆகிறது, தண்டு இன்னும் வேகமாகச் சுழல்கிறது, வெளிவரும் காற்று இன்னும் கூடுதலாகச் சூடேறுகிறது. உயரத்தில் ஓடப்போகும் வண்டிக்கு டர்போ வாங்குபவர் கம்ப்ரஸரின் வரைபடத்தில் 1.48ஐ மட்டும் பார்க்காமல் 1.72லும் அது திறமையாக வேலை செய்யும் பகுதிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இன்டர்கூலரின் அளவையும் அந்த உயரத்து வெப்பத்துக்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.